அகத்தியமலையின் செருப்பு ஆர்க்கிட்டும் அதை விதைப்போர் தொழிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்டுக்கொள்ளும் அகத்தியமலைத் தொகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்னும் ஆர்க்கிட், தீபகற்ப இந்தியாவுக்கு உரிய ஒரே செருப்பு ஆர்க்கிட் இனமாகும். மலரின் கீழிதழ் குழிந்து, மகளிர் அணியும் மூடுசெருப்பின் முனை போல ஒரு சிறு பையாகத் திரண்டிருப்பதால் இந்தப் பேரினத்துக்கு அப்பெயர் வழங்குகிறது. ட்ரூரியின் உறவினங்களான வீனஸ்டம், ஃபெயரியானம், ஸ்பைசெரியானம், வில்லோசம் முதலியவை அனைத்தும் கிழக்கு இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் வாழ்கின்றன. இது மட்டும் அவற்றிலிருந்து சுமார் 2000 கிலோமீட்டர் தள்ளி, பொதிகை என்றும் வழங்கும் அகத்தியமலையின் உயர்சரிவுகளில், கடல்மட்டத்துக்கு மேல் 1400 மீட்டர் முதல் 1600 மீட்டர் வரையிலான ஒரு குறுகிய பட்டையில் தனித்து நிற்கிறது. செருப்பு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரநிழலையும் மட்கிய இலைப்படுகையையும் நாடுபவை. ட்ரூரியோ புல்லும் பாறையும் கலந்த, வெயில் நன்றாக விழும் திறந்த சரிவை விரும்புவது, வளர்ப்போர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு.

தண்டுக்கு ஒரு பூ. இதழ்கள் மஞ்சள், சில செடிகளில் சற்றுப் பச்சை ஓடிய மஞ்சள். மேல் புல்லிதழிலும் பக்கவாட்டு அல்லிதழ்கள் இரண்டிலும் நடுவே அடிமுதல் நுனிவரை கருஞ்சிவப்புக் கோடு ஒன்று அழுத்தமாக இறங்கும். இந்தப் பேரினத்தின் பல இனங்களில் இலைமேல் காணப்படும் திட்டுத்திட்டான வண்ணக்கோலம் இதற்குக் கிடையாது. இலை வெறும் பச்சை. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பூக்கும் பருவம் கழிந்துவிட்டால், புல்லுக்கிடையே நிற்கும் செடியைப் பழகிய கண் அல்லாத வேறெந்தக் கண்ணும் எளிதில் பிரித்தறியாது. இச்செடிக்கு இயற்கை அளித்த பாதுகாப்புகளுள் இதுவே பெரிது என்று கருத இடமுண்டு.

திருவிதாங்கூரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரியும், இந்தியாவின் பயன்தரு தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவருமான ஹீபர் ட்ரூரி 1865-இல் இச்செடியைக் கண்டெடுத்தார். சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1874-இல் அதைச் சித்திரத்துடன் விவரித்து, ட்ரூரியின் பெயரையே இனப்பெயராகச் சூட்டினார். அக்காலத்தில் செருப்பு ஆர்க்கிட்டுகள் யாவும் சிப்ரிபீடியம் என்னும் வடபுலப் பேரினத்துக்குள் அடக்கப்பட்டிருந்தன. வெப்பமண்டல ஆசிய இனங்கள் பாஃபியோபெடிலம் எனத் தனியே பிரிக்கப்பட்ட பின், 1892-இல் ட்ரூரியும் இன்றைய பெயருக்கு மாறியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆர்க்கிட் மோகம் உச்சத்தில் இருந்தது. ஃபெயரியானம் என்னும் இமயமலை இனம் வளர்ப்பிலிருந்து மறைந்துபோனபோது, அதை மீண்டும் கண்டுபிடித்துத் தருபவருக்கு ஆயிரம் பவுண்டு பரிசளிப்பதாக சாண்டர் என்னும் புகழ்பெற்ற ஆர்க்கிட் வணிகர் அறிவித்ததே அந்த மோகத்தின் அளவைக் காட்டப் போதும். ட்ரூரியும் அந்தச் சந்தைக்குள் போனது. பின்னர் நெடுங்காலம் மலையில் அதைக் கண்டவர் இல்லை; அற்றுப்போய்விட்டதென்றே பலரும் கருதியிருந்த நிலையில் 1970-களின் தொடக்கத்தில் அகத்தியமலையில் மீண்டும் காணப்பட்டது, காணப்பட்ட செய்தி பரவிய வேகத்திலேயே சேகரிப்போர் கைக்கும் போனது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதை மிக அருகிய இனம் என்ற வகையில், அதாவது காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படியில் வைத்திருக்கிறது.

அரிய ஆர்க்கிட்டுகளைப் பெருக்குவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பழைய கதை அன்று. அவர்கள் ஒவ்வொரு நாளும் கைக்கொள்ளும் நடைமுறைகளில் பாதி அதிலிருந்து பிறந்தவை. செடி நிற்கும் இடத்தைக் கட்டுரையிலோ, உலர்தாவரத் தாளின் சீட்டிலோ, நிழற்படத்திலோ துல்லியமாகக் குறிப்பதில்லை. மலையின் பெயரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். முன்பு ஒரு தாவரவியலாளருக்கு இடக்குறிப்புத் துல்லியமாக இருப்பதே பெருமை. இன்று கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை உள்ளே சுமந்துகொண்டு போவதால், களத்துக்குப் போவோர் அந்த வசதியை அணைத்துவிட்டே படம் எடுக்கின்றனர். வியட்நாமில் 1999-இல் புதிதாக விவரிக்கப்பட்ட பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்னும் இனம் சில ஆண்டுகளுக்குள் காட்டிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த நிகழ்வு. ஓர் இனத்தை அறிவியல் உலகுக்கு அறிவித்த ஏடும் அதைத் தேடிப்போனவனுக்கு வழிகாட்டிய ஏடும் ஒன்றாகவே இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போது, இந்த மௌனம் மிகையானது என்று சொல்வதற்கில்லை.

களப்பணியில் முதலில் எதிர்ப்படும் சிக்கல் எண்ணிக்கை. ட்ரூரியின் செடிகள் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிப் படரும் மட்டநிலத்தண்டால் இணைந்தவை. பெரும்பாலான செருப்பு ஆர்க்கிட்டுகளில் அடுத்த கிளைப்பு முந்தைய கிளைப்பின் அடியையே ஒட்டி எழும். இதில் இரண்டுக்கும் நடுவே தண்டு பல சென்டிமீட்டர் நீண்டு போகும். தொட்டியில் வளர்ப்போரைக் கேட்டால், ஆண்டுக்கு ஒருமுறையாவது செடி தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து வேரைக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் தொல்லையைத்தான் முதலில் சொல்வார்கள். சரிவில் இதன் பொருள் வேறு. ஒரு பாறையைச் சுற்றி முப்பது இலைக்கொத்துகள் தென்பட்டாலும் அவை முப்பது செடிகள் ஆகிவிடா. என்றோ விழுந்த ஒற்றை விதையிலிருந்து கிளைத்துப் பரவிய ஒரே உயிராகவும் அவை இருக்கலாம். மரபணுச் சோதனை இன்றி இதைக் கண்ணால் முடிவு செய்வது கடினம். ஆனால் கோட்டின் அகலம், இதழோரத்தின் நெளிவு, பையின் நிறம் ஆகியவற்றைப் பூக்கும் காலத்தில் கூர்ந்து பார்த்துக் குறித்துவைத்தால் ஓரளவு ஊகிக்க முடியும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் கணக்கெடுப்பைப் பூப்பருவத்தில்தான் நடத்த வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். தீப்பருவமும் கோடையும் கலந்து வரும் அந்த மாதங்களில் மலைமேல் தங்கிப் பணி செய்வதற்கு வனத்துறை அனுமதி பெறுவது அத்தனை எளிதன்று என்பது வேறு விஷயம்.

தனிச்செடி எது, ஒரே செடியின் கிளைப்பு எது என்ற இந்த வேறுபாடு கைமகரந்தச் சேர்க்கையில் உடனே பயன்படுகிறது. இயற்கையில் செருப்பு ஆர்க்கிட்டின் பை ஒரு பொறி. உள்ளே வழுக்கி விழும் பூச்சி, வந்த வழியே ஏற முடியாதபடி உட்சுவர் வழுவழுப்பாக இருக்கும். பின்பக்கம் மட்டும் மயிரடர்ந்த ஒரு படிக்கட்டுப் பாதை உண்டு. அப்பாதையில் ஏறும் பூச்சி முதலில் சூல்முடியின் அடியிலும், பிறகு இருபுறமும் உள்ள மகரந்தப்பைகளில் ஒன்றின் அருகிலும் நெருக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். முந்தைய பூவிலிருந்து முதுகில் ஒட்டி வந்த மகரந்தம் சூல்முடியில் சேர்ந்த பிறகே புதிய மகரந்தம் ஒட்டும் என்பதால், ஒரே பூவின் மகரந்தம் அதே பூவில் சேர்வது தவிர்க்கப்படுகிறது. தேன் எதுவும் இல்லை. இப்பேரினத்தின் பல இனங்கள் முட்டையிட இடம் தேடும் மிதவை ஈக்களை ஏமாற்றியே காரியத்தை முடித்துக்கொள்கின்றன. ஏமாற்றுப் பூக்களில் காய் பிடிப்பது இயல்பாகவே குறைவு. பூக்கும் செடிகள் ஒன்றுக்கொன்று தொலைவாகிவிட்டால் இன்னும் குறைவு.

பூச்சியின் வேலையை மனிதக் கை செய்யும்போது பையை அப்புறப்படுத்திவிடுவதே வழக்கம். மலரை இடக்கையால் தாங்கி, பையின் அடிப்பகுதியைக் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டி எடுத்தால், பூவின் நடுவில் கேடயம் போன்ற மலட்டு மகரந்தத்தாளும் அதன் பின்னே கீழ்நோக்கிக் கவிந்திருக்கும் சூல்முடியும் தெளிவாகத் தெரியும். மற்ற ஆர்க்கிட்டுகளில் மகரந்தம் கெட்டியான மணிகளாக இருப்பதால் எடுத்து வைப்பது எளிது. இங்கே அது மஞ்சள் பசையாக இருக்கும். பல்குத்தும் குச்சியின் முனையில் அதைத் தொட்டு எடுத்து, சூல்முடியின் வழுவழுப்பான பரப்பில் தேய்க்காமல் மெல்ல அழுத்திவிட வேண்டும். சூல்முடி உலர்ந்திருக்கும், ஒட்டும் தன்மை முழுவதும் மகரந்தத்திலேயே இருப்பதால் அழுத்தம் சீராக இல்லாவிட்டால் பசை குச்சியோடு திரும்பி வந்துவிடும். எந்தப் பூவின் மகரந்தம் எந்தப் பூவுக்குப் போகிறது என்பதைச் சீட்டில் எழுதித் தண்டில் கட்டுவதும் இதன் பகுதியே. மேலே சொன்ன மட்டநிலத்தண்டுச் சிக்கலை அறியாதவர் ஒரே திட்டில் அருகருகே நிற்கும் இரு பூக்களை இணைத்துவிட்டு அயல்மகரந்தச் சேர்க்கை என்று பதிவேட்டில் எழுதிவிடுவதுண்டு. காய் பருத்து வந்தாலும் அதனுள் முளைக்கும் விதை குறைந்தே இருக்கும். காரணத்தை விதையை முளைக்கவைக்கும் ஊடகத்திலும் வெப்பநிலையிலும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

காய் முதிரப் பல மாதங்கள் ஆகும். ஓர் ஆர்க்கிட் காய்க்குள் ஆயிரக்கணக்கான விதைகள் தூசியாக நிறைந்திருக்கும். ஒவ்வொன்றும் சில உயிரணுக்களாலான கருவும் அதைச் சுற்றிய காற்றுப்பை போன்ற மெல்லிய உறையும் மட்டுமே. நெல்லிலும் உளுந்திலும் முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் முளைக்கப் போதுமான அந்தச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சைகள், செருப்பு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலும் டுலாஸ்னெல்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை, விதைக்குள் நுழைந்து சர்க்கரையையும் தாதுக்களையும் ஊட்டினால்தான் அது முளைக்கும். இந்த உறவை 1899-இல் பிரெஞ்சு தாவரவியலாளர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை தரும் உணவை மனிதனே சர்க்கரையாகக் கொடுத்துவிட்டால் பூஞ்சையே தேவையில்லை என்பதை 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று உலகெங்கும் ஆர்க்கிட் விதைப்புக்கூடங்களில் நடப்பது நட்சன் வழிதான்: தாதுஉப்புகளும் சர்க்கரையும் அகாரும் சேர்த்துக் காய்ச்சி, ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம் செய்து, சீசாவில் உறையவிட்ட ஊடகத்தில் விதையைத் தூவுதல்.

மற்ற வணிக ஆர்க்கிட்டுகளை நுனித்திசுவிலிருந்து ஆயிரக்கணக்கில் நகலெடுக்கும் முறை 1960-களிலேயே வந்துவிட்டது. செருப்பு ஆர்க்கிட்டுகள் மட்டும் அதற்கு இணங்குவதில்லை. மண்ணை ஒட்டி வளரும் தண்டிலிருந்து கிருமியற்ற நுனியை எடுப்பது அரிது. எடுத்தாலும் அது பழுப்பேறி மடிவதே மிகுதி. வணிகர்களுக்கு இது பெருங்குறை. பாதுகாப்புப் பணிக்கு நேர்மாறாக நன்மை என்றே கொள்ளலாம், ஏனெனில் வேறு வழியின்றி விதையையே நம்பியிருப்பதால் ஒவ்வொரு நாற்றும் தனித்த மரபுச் சேர்க்கையோடு பிறக்கிறது.

விதைப்பின் நுட்பம் பெரிதும் காலக்கணக்கில் இருக்கிறது. காய் வெடிக்கும்வரை காத்திருந்தால் விதை முழுக்க முதிர்ந்து, அதன் உறையும் கருவும் ஒருவகை உறக்கநிலைக்குப் போய்விடும். பிறகு சலவைத்தூளின் கரைசலில் அதிக நேரம் ஊறவைத்து உறையை மெலிதாக்கினாலும் முளைப்பு ஒழுங்காக வராது. முன்கூட்டியே பறித்துவிட்டாலோ கரு முழுமை அடைந்திருக்காது. ஆகவே காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, ஆனால் உள்ளே விதை வெண்மையிலிருந்து வெளிர் பழுப்புக்கு மாறத் தொடங்கும் வேளையில், எடுப்பதே பச்சைக்காய் விதைப்பு எனப்படும் முறை. அந்த வேளையை வெளியிலிருந்து அறிய நாள்கணக்கு ஒரு துணை. காயின் முகடுகளில் பச்சை சற்று மங்கி மஞ்சள் ஏறுவதைப் பார்ப்பது இன்னொன்று. மலையிலிருந்து வரும் காய்க்கு நாள்கணக்கு பெரும்பாலும் கிடைக்காது என்பதால் நிறத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

பச்சைக்காயின் வெளிப்புறத்தை மட்டும் கிருமிநீக்கம் செய்தால் போதும். உட்புறம் இயல்பாகவே தூய்மையானது. எரிசாராயத்தில் நனைத்துச் சுடரில் ஒருமுறை காட்டி, லேமினாருக்குள், அதாவது வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் பெட்டிமேசைக்குள், ஸ்கால்பெலால் நீளவாட்டில் பிளந்து, விதையைக் கத்திமுனையில் வழித்து ஊடகத்தின்மேல் பரப்புவார்கள். ஊடகத்தில் பல கூடங்கள் இளநீர் சேர்க்கின்றன; சில வாழைப்பழக் கூழும் உருளைக்கிழங்கும் சேர்க்கின்றன. எது சேர்த்தாலும் தாதுச்செறிவைக் குறைவாக வைப்பதே செருப்பு ஆர்க்கிட்டுக்கு ஏற்றது. விதைத்த சீசாக்களை உடனே விளக்கொளியில் வைப்பதில்லை. முளை தோன்றும்வரை இருட்டில் வைப்பதும், அதற்குக் கறுப்புத் துணி போர்த்துவதும் வழக்கம்.

பிறகு காத்திருப்பு. வாரங்கள் கழித்து விதை உப்பி, வெண்ணிறச் சிறு உருண்டையாக மாறும். வேரும் இலையும் அற்ற இந்த முதல் நிலைக்குப் புரோட்டோகார்ம் என்று பெயர். சீசாவைக் குலுக்காமல் விளக்கின் எதிரே சாய்த்துப் பார்ப்பதே இக்காலத்து அன்றாட வேலை. வெண்மை பச்சையாக மாறினால் வெளிச்சத்துக்கு மாற்றலாம். ஓரத்தில் பஞ்சு போன்ற வெண்படலமோ, ஊடகத்தில் பால்கலந்தாற்போன்ற வட்டமோ தெரிந்தால் அது கன்டாமினேஷன். சீசாவைத் திறக்காமலேயே ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட வேண்டும். அரிய இனத்தின் விதை என்பதால் மிச்சமிருக்கும் நல்ல முளைகளையாவது காப்பாற்றலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் அந்த ஆசையால் திறந்த ஒரு சீசாவிலிருந்து பரவிய நுண்வித்து பல சீசாக்களைக் கெடுத்துவிடும் என்பதால், கூடத்தில் பழகியவர்கள் இவ்விஷயத்தில் இரக்கம் காட்டுவதில்லை. புரோட்டோகார்ம்கள் நெருங்கி வளர்ந்து, தாமே கழிக்கும் பொருள்களால் ஊடகத்தைக் கறுக்கச் செய்யும்போது அவற்றைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும்; இதற்காகவே நாற்று ஊடகத்தில் கரித்தூள் சேர்க்கப்படுகிறது.

சீசாவிலிருந்து தொட்டிக்கு வரும் கட்டமே மிகுதியான நாற்றுகள் இறக்கும் கட்டம். வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் விரல்நுனியால் உருட்டி உருட்டிக் கழுவ வேண்டும். சிறிது மிஞ்சினாலும் அதிலுள்ள சர்க்கரையில் பூஞ்சை பிடித்து வேர் அழுகும். சீசாவுக்குள் நூறு விழுக்காடு ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு சரியாக அமைந்திருக்காது. அதனால் வெளிக்காற்றில் ஒரே நாளில் சுருண்டுவிடும். மூடிய தட்டில் தொடங்கி, மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கும் இம்முறையைக் கூடங்களில் ஹார்டனிங் என்றே சொல்கிறார்கள். நிழல்வலைக் குடிலில் வளர்ந்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை. மாலையில் நீர் ஊற்றி இலைக்குருத்தில் இரவெல்லாம் தண்ணீர் தேங்கினால், மறுநாள் காலையில் அடிக்குருத்து நீர்கோத்து நாற்றம் வீசும் பாக்டீரிய அழுகல் தோன்றும். இழுத்தால் குருத்து கையோடு வந்துவிடும். நீர் ஊற்றுவது காலையில்தான் என்ற விதி எல்லா ஆர்க்கிட் குடில்களிலும் கடைப்பிடிக்கப்படுவது இதனாலேயே. விதைத்ததிலிருந்து முதல் பூவரை பல ஆண்டுகள் ஆகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் 1979-இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் போன்ற இடங்களில் ட்ரூரி வளர்க்கப்படுகிறது. அயல்நாட்டு வளர்ப்போரின் குடில்களிலும் இந்த இனம் பரவலாகவே உண்டு. ஆகையால் உலகில் இன்று ட்ரூரிச் செடிகளுக்குப் பஞ்சம் இல்லை. சந்தையில் அதன் விலையும் ஒருகாலத்தில் இருந்தது போல் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, இனம் பாதுகாப்பாக இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. விதைப்புத் தொழிலில் இருப்போரே அந்த வாதத்தை ஏற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. குடிலில் பல தலைமுறையாகப் பெருக்கப்பட்ட செடிகள் சில தாய்ச்செடிகளிலிருந்து வந்தவை. பூவின் பருமனுக்கும் நிறத்துக்கும் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சிலவற்றில் பிற இனங்களின் கலப்பும் ஐயத்துக்குரியது. மலையில் தீயையும் பனிமூட்டத்தையும் இருபருவ மழையையும் கடந்து நின்ற செடிகளில் எது தங்கியதோ அது இவற்றில் இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை. எனவே மலைக்குத் திருப்பி அனுப்பும் நாற்றுகளை மலையின் காய்களிலிருந்தே, இயன்றவரை பல தாய்ச்செடிகளிலிருந்து, எடுத்து வளர்க்க வேண்டும் என்பதே சரியான நிலைப்பாடு. எல்லாக் காய்களையும் எடுத்துவிடாமல் பாதிக்கு மேல் மலைக்கே விட்டுவிட வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தது.

சட்டம் இப்பணிக்கு வேலியாகவும் இருக்கிறது, சில வேளை தாமதமாகவும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், முதன்முறையாகத் தாவரங்களையும் அதன் எல்லைக்குள் கொண்டுவந்து ஆறு வகைகளைப் பட்டியலிட்டது. செருப்பு ஆர்க்கிட்டுகள் அந்த ஆறில் ஒன்று. அவற்றைக் காட்டிலிருந்து பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். ஆய்வுக்காகவும் பெருக்கத்துக்காகவும் எடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். உரிமம் இன்றி வளர்ப்பதற்கும் தடை உண்டு. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இப்பேரினம் முழுவதும் 1990 முதல் இடம்பெற்று, காட்டுச்செடிகளின் வணிகம் நாடுகளுக்கிடையே சட்டப்படி தடைபட்டது. அதே உடன்படிக்கை, செயற்கையாகப் பெருக்கப்பட்டுக் கிருமியற்ற சீசாவில் இருக்கும் நாற்றுகளுக்குக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. காய் முதிரும் வாரம் எதற்கும் காத்திராது, அனுமதிக் கோப்போ மேசை மேசையாக நகரும். அனுமதி வரும் நாளில் காய் வெடித்திருப்பதும் நடக்கக்கூடியதே. இதற்காகச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது பொருந்தாது. பூக்கும் பருவத்துக்கு ஓராண்டு முன்னரே விண்ணப்பித்துவிடுவதுதான் நடைமுறை அறிந்தவர்கள் செய்வது.

மலையில் மறுநடவு செய்வதில் மிகக் கடினமான கேள்வி பூஞ்சையைப் பற்றியது. சீசாவில் வளர்ந்த நாற்று தன் வேரில் பூஞ்சை எதுவும் இன்றி வருகிறது; வளர்ந்த செடிக்கு ஒளிச்சேர்க்கை உண்டு என்பதால் அது பூஞ்சை இன்றியும் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் விதை அந்த மண்ணில் முளைக்கப் பூஞ்சை அங்கே இருந்தாக வேண்டும். தாய்ச்செடி நின்ற இடத்தின் அருகே நடுவது இதற்கு எளிய வழி. குடிலிலேயே மலைமண்ணைக் கலந்து பழக்கலாம் என்ற யோசனையும் உண்டு; எனினும் குடிலில் பிற ஆர்க்கிட்டுகளோடு வளர்ந்த நாற்று, அழுகல் நோயையும் வைரஸையும் மலைக்குச் சுமந்து போகும் அபாயத்தை இந்த யோசனை கணக்கில் கொள்வதில்லை. தனிக்குடில், தனிக் கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் சுடரில் காய்ச்சிய முனை ஆகியவை இன்றி மலைக்கு நாற்று அனுப்பாமல் இருப்பதே மேல்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு பணியோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்னும் ஐரோப்பியச் செருப்பு ஆர்க்கிட் அந்நாட்டில் யார்க்ஷயர் பகுதியின் ஒரே ஒரு இடத்தில் ஒரே செடியாக 1930-இல் மீண்டும் கண்டறியப்பட்டு, இடம் வெளியே தெரியாமல் பல பத்தாண்டுகள் காவல் காக்கப்பட்டது. கியூ தாவரவியல் தோட்டம் 1983-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் விதையிலிருந்து நாற்று உருவாக்கி, 1989 முதல் மறுநடவு செய்தது. நடப்பட்ட செடிகளுள் முதல் பூ 2000-இல்தான் மலர்ந்தது. பொது மக்கள் வந்து பார்க்கத் தக்க ஒரு காப்பகத்தில் சில செடிகளை வெளிப்படையாக நட்டு, காட்டில் எஞ்சிய மூலச்செடியின்மேல் விழும் ஆர்வத்தை அங்கே திருப்பிவிட்டது அத்திட்டத்தின் நுண்ணிய உத்தி. அகத்தியமலை அடிவாரத்தில் உள்ள தாவரவியல் தோட்டம் ஒன்றில் ட்ரூரியைப் பூக்கும் பருவத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், மலையேறித் தேடுவோரின் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அகத்தியமலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கி நடைபெறும் மலைப்பயணத்தின் பருவமும் இதன் பூப்பருவமும் ஒன்றாக வருவதால் இந்த யோசனைக்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது.

இடத்தேர்வில் களப்பணியாளர்கள் கவனிக்கும் அடையாளங்கள் எளியவை: மழைநீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவு, பாறை இடுக்கில் தங்கிய மட்கு, கோடையிலும் ஈரம் ஏந்திவரும் மூடுபனி, செடியை மூடிவிடாத உயரத்தில் நிற்கும் புல். தீ இங்கே இருமுனைக் கத்தி. புல் நீண்டகாலம் எரியாமல் விடப்பட்டால் புதரேறி வெயிலை மறைத்துவிடும். கடும்தீ வந்தால் மேற்பரப்பை ஒட்டிய மட்டநிலத்தண்டையும் கருக்கிவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் வேர் பிடிக்க முழுப் பருவமும் கிடைக்கும். நட்ட செடியின் அருகே வண்ணச் சீட்டு எதுவும் நடுவதில்லை. அது மனிதக் கண்ணையே முதலில் இழுக்கும். அதற்குப் பதிலாகப் பாறையிலிருந்து அளந்த தூரத்தையும் திசையையும் பதிவேட்டில் மட்டும் எழுதி, உலோகக் குறியீட்டை மண்ணுக்குள் புதைத்துவிடுகின்றனர்.

ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒதுக்கப்படுகிறது. விதையிலிருந்து நாற்று மலைக்குச் செல்லும் தகுதி பெறவே அதற்குமேல் ஆகும், மலையில் காய்த்து, அக்காயின் விதை தானே முளைத்ததா என்று பார்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். திட்ட அறிக்கைகளில் நடப்பட்ட நாற்றுகளின் எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுவதும், பத்தாண்டு கழித்து எஞ்சியவற்றின் எண்ணிக்கை அரிதாகவே இடம்பெறுவதும் இதன் விளைவு. நிதி முடிந்த பின்னும் நாற்றுக்குடிலில் காலையில் நீர் ஊற்றவும், பூப்பருவத்தில் ஒருமுறையேனும் மலையேறிப் பதிவேட்டைப் புதுப்பிக்கவும் நிலையான ஊதியத்தில் ஒரு தோட்டப் பணியாளரும், மலையின் தடங்களை அறிந்த, அம்மலையின் பழங்குடியினரான காணிக்காரர் ஒருவரும் வேண்டும். செலவுப் பட்டியலில் ஆய்வுக்கருவிகளுக்கு அடுத்த வரியில் இவ்விருவருக்கான தொகையைச் சேர்க்கும்படி விண்ணப்பங்களை எழுதுவோர் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கின்றனர்.